வானத்தில் மட்டும் தொடவும்

பெட்டி மேசைக்கு அடியில் இருக்கிறது. என் வலது முழங்கால் அதன் மூலையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது, நகர்த்திக்கொள்ளலாம், நகர்த்தவில்லை. பதினொரு மணிக்கு கூரியர்காரர் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு "பல்லு செட்டாம்மா?" என்று கேட்டார், பல் கிளினிக்குக்கு வேறு என்ன வரும், நான் தலையாட்டினேன். பொய் சொல்ல எனக்கு வாய் வேண்டாம், தலை போதும். கல்லூரியில் மூன்று வருடம் தாவரவியல் படித்ததில் நான் வாயைத் திறந்தது வருகைப் பதிவுக்கு மட்டும்தான். உள் அறையில் டாக்டர் சகாயமேரியின் இயந்திரம் யாருடைய கடைவாயிலோ ஏறுகிறது, இறங்குகிறது, துப்புவதற்காக நிற்கிறது, மறுபடி ஏறுகிறது. ஜன்னலுக்கு வெளியே திண்டுக்கல் பஸ் நிலையம் ஹாரன் அடிக்கிறது. சுவரில் மணி பதினொன்று நாற்பது. ஒரு மணிக்குள் நான் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். தீர்ப்பு என்ற சொல் சிதம்பரநாதன் சாருடையது. சேலத்தில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வங்கிக்குத் தெரியும், அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. காலையில் நாலு நிமிடக் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். "அன்புச் சகோதரி அங்கயற்கண்ணி அவர்களே, இன்னைக்கு ஈரத்தாள் குடும்பத்தோட பதினோராயிரம் ஜோடிக் கண்ணும் உங்க ரெண்டு கண்ணுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கு. பேருலயே கண்ணை வச்சிருக்கீங்க. ஒரு மணிக்குள்ள வீடியோ வரட்டும். உண்மை எதுவோ அது வரட்டும்." பின்னால் குக்கர் மூன்று முறை விசில் அடித்தது. அதையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்.

ஈரத்தாள் முகநூலில் ஒரு குழு. நீர்வண்ணத்தில் வரைகிறவர்களுக்கான குழு என்று மேலே எழுதியிருக்கிறது, நடப்பது என்னவோ வரைகிறவர்களைப் பார்த்து "அருமை மேம்" என்று எழுதுகிறவர்களின் குழு. அருமை மேம். கைதட்டல் பொம்மை மூன்று, தீ இரண்டு, கும்பிடு ஒன்று. எந்த பிரஷ் மேம்? எந்தத் தாள் மேம்? நம்பர் சொல்லுங்க மேம். மருந்துச் சீட்டு மாதிரி குறித்துக்கொண்டு போய், அதே பிரஷ்ஷை வாங்கி, அதே தாளில் ஒரு மாமரத்தைக் கொலை செய்து கொண்டுவந்து போடுவார்கள், அதற்கும் அருமை மேம். போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்மணி தினம் ஒரு படம் போட்டார், "இன்று காபிக்கு முன் வரைந்தது" என்று. கோபுரம், கோபுரத்தில் நூறு புறா, கீழே தெப்பம், தெப்பத்தில் கோபுரத்தின் நிழல், அதில் இன்னொரு நூறு புறா, அத்தனையும் காபிக்கு முன். படத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரஷ் சாய்ந்து கிடக்கும், கையால் போட்டது என்பதற்குச் சாட்சியாக. அந்த பிரஷ்ஷுக்கு இரண்டு முனையிலும் முடி இருந்தது. படத்தையும் படத்தின் சாட்சியையும் கணினியில் படம் போடுகிற ஏஐ இயந்திரம் ஒரே மூச்சில் போட்டுக் கொடுத்திருந்தது. தொண்ணூறு நாள், பதினோராயிரம் ஜோடிக் கண்கள், இரண்டு பக்கமும் முடி முளைத்த பிரஷ்ஷைப் பார்த்துக் கும்பிட்டன. எல்லாப் படத்துக்கும் முதல் ஆளாக வந்து அழுகிற வத்சலா மேம் "இந்தக் கைகளுக்கு ஒரு முத்தம்" என்று எழுதினார். எந்தக் கைகளுக்கு? கடைசியில் அந்தப் பெண்மணியே தவறிப்போய் ஒரே கோபுரத்தை நான்கு விதமாக ஒரே நாளில் போட்டபிறகுதான் விஷயம் வெடித்தது, வெடித்த மறுநாள் பதினோராயிரம் பேரும் முதல் நாளே சந்தேகப்பட்டவர்களாக மாறியிருந்தார்கள். நான் உண்மையிலேயே முதல் நாளே பார்த்தேன். பார்த்தும் எழுதவில்லை. எழுதினால் பதில் வரும், பதில் வந்தால் பேச வேண்டும். தொண்ணூறு நாளும் அந்த பிரஷ்ஷைத் தினமும் திறந்து பார்த்துத் தனியாகச் சிரித்தேன். யாருக்கும் பங்கு கொடுக்காமல் தின்கிற பலகாரம் மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

அதற்குப் பிறகுதான் நேர்ப்பார்வை என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பெயர் வைத்தது சிதம்பரநாதன் சார், பெயர் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. யார் படத்தின் மேலாவது சந்தேகம் வந்தால் அவர் மூலப்படத்தை வேறு ஊர் உறுப்பினர் ஒருவருக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். அந்த உறுப்பினர் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஈரப் பஞ்சால் ஓரிடத்தில் தொட்டு ஒற்றி எடுக்க வேண்டும். நீர்வண்ணம் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கொஞ்சம் எழுந்து பஞ்சில் வரும், நல்ல பிரிண்டரின் மை வராது. பஞ்சைக் காட்டி ஒரு வீடியோ. அப்புறம் படத்தின் பின்பக்கம் பென்சிலால் "பார்த்தேன்" என்று எழுதி, பெயர், தேதி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் சட்டம். இதுவரை நான்கு படங்கள் இப்படிப் போய் வந்திருக்கின்றன, நான்கும் தேறிவிட்டன. யாரும் தோற்காத தேர்வு. நான்கு ஊர், நான்கு பஞ்சு, நான்கு "பார்த்தேன்", கீழே நானூறு கும்பிடு. அவர்களுக்குப் பார்க்கத் தெரியாது, நான் பார்த்தால் தெரியும் என்று நினைத்தேன், இப்படி நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை, நினைத்தேன். பிறகு ராஜபாளையம் பாலகுரு தன்னுடைய "சந்தை நாள்" படத்தைப் போட்டார். ஓவிய ஆசிரியர், குழுவின் பக்கத்திலேயே சனிக்கிழமை தோறும் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் வகுப்பு எடுக்கிறவர். எந்தப் படத்துக்கும் கீழே ஒரு வரி எழுதாமல் விடமாட்டார். "வெயில் என் தூரிகையின் தோளில் சாய்ந்து அழுதது" என்று இதற்கு எழுதியிருந்தார். வெயில் எதற்கு அழ வேண்டும்? படம் நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல். புழுதியில் ஆடுகள், தராசு, தலையில் கூடையோடு ஒரு பெண், பின்னால் வெளுத்த வானம். இரண்டு முறை நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட்டு மூன்றாவது முறை பார்த்தேன். முன்னால் நிற்கிற ஆட்டுக்கு நிழல் வலப்பக்கம், பின்னால் நிற்கிற ஆட்டுக்கு இடப்பக்கம். தராசின் ஒரு சங்கிலி எதிலும் மாட்டாமல் காற்றில் முடிகிறது. கூடைக்காரியின் கை கூடைக்குள் போகிறது, வெளியே வரவில்லை. இப்படி ஏழு. ஏழையும் வரிசையாக எழுதிச் சிதம்பரநாதன் சாருக்குத் தனியாக அனுப்பினேன். தனியாக என்றால் அவருக்கு அர்த்தம் வேறு. அரை மணியில் குழுவில் போட்டுவிட்டார், என் பெயரோடு, என் புகைப்படத்தோடு. "நம் குழுவின் கழுகுக் கண்." வகுப்பை நிறுத்திவைத்து, படத்தைப் பார்க்கிற பொறுப்பையும் என் தலையிலேயே கட்டினார். இன்று வெள்ளி. ஒரு மணிக்கு நான் பஞ்சில் நிறம் வரவில்லை என்றால் நாளை அந்தப் பதினெட்டுத் திரையும் இருட்டு.

கதவு திறந்து மாரிக்கண்ணு ஐயா வருகிறார். பல்செட் இன்று மாட்டுகிறார்கள் அவருக்கு. அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் கண்டக்டர், மேல்வரிசை முழுக்கப் போய்விட்டது, இருந்தாலும் வாய் ஓயாது. "என்னத்தா, என் பல்லு வந்துருச்சா?" தலையாட்டுகிறேன். "வெள்ளையா கேட்டேனே, வெள்ளையா செஞ்சிருக்காகளா?" உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுக்கிறார்: "ஐயா, வெள்ளையா வச்சா டியூப்லைட் மாதிரி இருக்கும். உங்க கீழ்ப்பல்லு வெத்தலை போட்டுப் பழுத்துக் கெடக்கு, அதுக்கு ஏத்தாப்புலதான் செஞ்சிருக்கு. கலர் பார்த்துக் குடுத்தது யாரு, நம்ம கண்ணி. அவ கண்ணு தப்பாது." கண்ணி நான்தான். பல் நிற மாதிரிகள் பதினாறு, ஒரு கம்பியில் வரிசையாகச் செருகியிருக்கும், நோயாளியின் வாயருகே பிடித்துப் பார்த்து எது என்று சொல்வேன், டாக்டர் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. பொய்ப்பல் செய்கிற கூடத்தில் பல்லின் ஓரத்தில் ஒரு மெல்லிய கீறலும் அடியில் கொஞ்சம் மஞ்சளும் வேண்டுமென்றே வைப்பார்கள். குறை இருந்தால்தான் நம்புவார்கள். ஐயா எதிர் நாற்காலியில் உட்காருகிறார், உட்கார்ந்ததும் என் தலைக்கு மேலே அண்ணாந்து பார்க்கிறார், அங்கே என் படம் மாட்டியிருக்கிறது. குடை. இப்போது குடையைப் பற்றி வேண்டாம். டாக்டர்தான் நகல் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினார், வருகிற ஆளிடமெல்லாம் நம்ம பொண்ணு வரைஞ்சது என்று அவர்கள் வாயைத் திறந்து வைத்தவாறே காட்டுவார், வாய் திறந்திருக்கிறவர்கள் "ஆ" என்பார்கள். ஐயா பார்த்துக்கொண்டே இருக்கிறார். கழுத்தை ஒரு பக்கம் சாய்க்கிறார். பார்க்கட்டும். எல்லோரும் அந்தக் குடைப்பெண்ணிடம்தான் நிற்பார்கள்.

உள்ளே இயந்திரம் மறுபடி ஏறுகிறது, இன்னும் பத்து நிமிடமாவது ஆகும், நான் பெட்டியை மடிக்கு எடுக்கிறேன். டேப்பைப் பிரிக்கிற சத்தம் பெரிதாகக் கேட்கிறது, ஐயா படத்திலிருந்து கண்ணைத் திருப்பவில்லை. இரண்டு அட்டை, நடுவில் பட்டுத்தாள், நடுவில் சந்தை நாள். கையில் பிடித்ததும் ஒரு கணம் தடுமாறுகிறேன், தாள் உண்மையான தாள், ஓரம் அலையலையாக நெளிந்திருக்கிறது, தண்ணீர் குடித்த தாள் இப்படித்தான் நெளியும். மூக்கருகே கொண்டுபோகிறேன், வண்ணத்தின் வாசனை, கொஞ்சம் ஈரத்துணி மாதிரி. அப்படியானால் ஏழு குறிப்புகள்? பதினோராயிரம் பேர் முன்னால் கழுகு, கழுகு பார்த்தது தப்பு. அப்போதுதான் பட்டுத்தாளின் மடிப்பிலிருந்து ஒரு சீட்டு விழுகிறது. பள்ளிக்கூடப் பலகையில் எழுதுகிற அழகான வட்ட எழுத்து. "வணக்கம் மேடம். மேல் இடது மூலையில் வானத்தில் மட்டும் தொடவும். நடுவில் தொட்டால் படம் கெட்டுவிடும். பிள்ளைகள் சனிக்கிழமை காத்திருப்பார்கள். பணிவுடன், பாலகுரு." இரண்டு தடவை படிக்கிறேன். பணிவுடன். வெயில் தோளில் சாய்ந்து அழுகிறவர், எங்கே தொட வேண்டும் என்று பரீட்சைக்காரிக்கே சொல்லிக்கொடுக்கிறார். என் மேசையில் பல் கிளினிக்கின் பஞ்சுச் சுருள் ஒரு டப்பா நிறைய இருக்கிறது, விரல் கனம், சுத்த வெள்ளை, நேர்ப்பார்வைக்கு இதைவிட நல்ல பஞ்சு தமிழ்நாட்டில் யாருக்கும் கிடைத்திருக்காது. தண்ணீர்ப் பாட்டில் மூடியில் நனைத்துப் பிழிந்து, நடுவில், நேராக முன்னால் நிற்கிற ஆட்டின் முதுகில் வைக்கிறேன். பத்து எண்ணுகிறேன். எடுக்கிறேன். பழுப்பு வருகிறது, தாராளமாக வருகிறது, பஞ்சு முழுக்க ஆட்டின் நிறம். பழுப்பு போன இடத்தில் இன்னொரு ஆடு நிற்கிறது. வெளிறிய ஆடு. முடி முடியாக, நிழலோடு, துடைத்தும் அசையாத ஆடு. டாக்டர் பல்லைப் பார்க்க மாட்டிக்கொள்கிற பெரிதாக்கும் கண்ணாடி, பழைய ஒன்று, என் இழுப்பறையில் கிடக்கிறது. எடுத்துப் பிடித்துப் பார்க்கிறேன். நீலம், ரோஜா, மஞ்சள், ஊசிமுனை ஊசிமுனையாகப் புள்ளிகள், வரிசை தப்பாமல். இயந்திரம் போட்ட சந்தையைத் தாளில் மங்கலாக அச்சடித்து, மேலே வண்ணம் பூசியிருக்கிறார். வானத்தில் மட்டும் அச்சு இல்லை, வானம் வெறும் தாள், வானத்தைத் தொட்டால் வெறும் வண்ணம்தான் வரும். மனிதர் யோசித்திருக்கிறார். பிள்ளைகள் வண்ணம் தீட்டுகிற புத்தகத்தை வாங்கிக் கோட்டுக்கு வெளியே போகாமல் தீட்டிவிட்டு, வெயில் அழுதது என்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போது கடைசியாக வந்தது என்று யோசித்தால் ஞாபகம் வந்துவிடும், யோசிக்கவில்லை.

ஞாபகம் வந்துவிட்டது. குடை. சரி, குடை. இந்த மேசையில்தான், ஆவணியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தயிர்சாதம் ஒரு கையில், போன் ஒரு கையில். அதுவரை நான் போட்ட படங்கள் எல்லாம் இந்த அறைதான். எச்சில் துப்புகிற தொட்டியில் விழுகிற வெளிச்சம். தட்டில் வரிசையாகப் பஞ்சுச் சுருள்கள், வெள்ளைக்குள் ஆறு வெள்ளை, அந்த ஆறையும் பிரித்தெடுக்க எனக்குப் பதினேழு நாள் ஆனது. அதற்கு நான்கு விருப்பம், அதில் ஒன்று வத்சலா மேமுடையது, அவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் போடுவார். ஒருவர் "இது என்ன மேம், இட்லியா?" என்று கேட்டிருந்தார். இவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று பார்ப்போம் என்று இயந்திரத்திடம் எழுதினேன், நாலே விஷயம்: மழை, பஸ் நிறுத்தம், பெண், குடை. இருபது விநாடி. நான்கு படம் கொடுத்தது. மூன்றாவதில் பஸ்ஸின் வெளிச்சம் ஈரத் தரையில் உருகி அந்தப் பெண்ணின் கால் வரைக்கும் வந்திருந்தது, அவள் முகம் தெரியவில்லை, தெரியாத முகத்தில் எல்லோரும் தங்களை வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு மலிவு என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே சேமித்தேன். மூன்று காலை, வேலைக்கு வருவதற்கு முன், அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். கையால். என் கையால், பென்சில் தொடங்கிக் கடைசிப் பூச்சு வரை, அச்சு இல்லை, புள்ளி இல்லை, எங்கே தொட்டாலும் வண்ணம் வரும், கீழே வெறும் தாள். குடைக்கு நான் வைத்த ஊதா இயந்திரம் வைக்காத ஊதா. இரண்டாயிரத்து முந்நூறு பேர் விருப்பம் போட்டார்கள். "கண்ணி, யாரும்மா அந்தப் பெண், நீதானா?" என்று வத்சலா மேம் கேட்டார். நான் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். அடுத்த மாதம் மதுரையில் குழுவின் கண்காட்சி, அழைப்பிதழின் முகப்பில் அவள்தான் நிற்கிறாள். யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பார்த்து வரைவது தப்பா, புகைப்படத்தைப் பார்த்து எல்லோரும் வரையவில்லையா. பாலகுரு வேறு, நான் வேறு. அவர் தாளில் அச்சடித்தார், நான் கண்ணில் அச்சடித்துக்கொண்டேன். கண்ணில் அடித்தால் பஞ்சு வைத்துப் பார்க்க முடியாது. இதை நான் வாதமாக நினைத்தேனா, தந்திரமாக நினைத்தேனா. இருபத்து நாலு வருடத்தில் என்னை யாராவது பார்த்தது அந்தப் படத்துக்குப் பின்னால்தான், அதற்கு முன்னால் நான் தலையாட்டுகிற ஒரு தலை. ஆகட்டும். மணி பன்னிரண்டு பத்து. போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைக்கிறேன், ஆடு சட்டத்துக்குள் சரியாக வருகிறது, புதுப் பஞ்சு எடுக்கிறேன், நான் பேசக்கூட வேண்டாம், இரண்டு ஆட்டையும் காட்டினால் போதும்.

"ஏத்தா கண்ணி." மாரிக்கண்ணு ஐயா இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மேல்பல் இல்லாத வாயில் சொற்கள் காற்றோடு வருகின்றன. "இது நீ வரைஞ்சதா?" தலையாட்டுகிறேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. இந்த பஸ்ஸு எங்குட்டுப் போகுது?" எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து வந்து படத்தின் கண்ணாடியில் விரலை வைக்கிறார். "மூஞ்சி வலப்பக்கம் பார்க்குதா. படி நம்ம பக்கம் இருக்குதா. அப்ப இது டிரைவர் பக்கமாச்சே. டிரைவர் பக்கத்துல எந்தூரு பஸ்ஸுலத்தா படி வச்சிருக்கான்? இதுல இந்தப் புள்ள ஏறணும்னா நடுரோட்டுல நின்னுல்ல ஏறணும், லாரிக்காரன் அடிச்சிட்டுப் போயிருவான்." உள்ளேயிருந்து டாக்டரின் சிரிப்பு. "ஐயா, ஆர்ட்டிஸ்டுங்க அப்படித்தான். கையில வர்றப்ப இடம் வலம் மாறிரும். மனுசங்கதானே." "முப்பத்தொரு வருசம் அந்தப் படியிலதான டாக்டரம்மா நின்னேன், எனக்கு உறுத்துதுல்ல. ஃபாரின் பஸ்ஸா இருக்குமோ?" சிரிக்கிறார், மேல் ஈறு முழுக்கத் தெரிகிறது. நான் படத்தைப் பார்க்கிறேன். படி இருக்கிறது. டிரைவர் பக்கத்தில் இருக்கிறது. தினம் இரண்டு வேளை நான் பஸ்ஸில் ஏறுகிறேன், இடப்பக்கப் படியில் கால் வைத்து ஏறுகிறேன். மூன்று காலை அந்தப் படியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்து, அதன் ஓரத்துத் தகரத்தில் மழைநீர் மின்னுவதைக்கூட விடாமல், இயந்திரம் வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். பாலகுருவின் ஆட்டுக்கு நிழல் பார்த்த கண். தராசுச் சங்கிலி பார்த்த கண். இரண்டாயிரத்து முந்நூறு பேர் பார்க்கவில்லை, அவர்கள் பார்க்காதது பெரிதில்லை, அவர்கள் பிரஷ்ஷின் இரண்டு முனை முடியையும் பார்க்காதவர்கள். நான். கைதவறியிருந்தால்கூடப் பரவாயில்லை, கை தவறவே இல்லை, அவ்வளவு விசுவாசமாக இருந்திருக்கிறது. மனுசங்கதானே என்கிறார் டாக்டர். இயந்திரத்தின் தப்புக்கு என் மனிதத்தனத்தைச் சாட்சி வைக்கிறார்.

அழைப்பிதழ் ஆயிரம் பிரதி. மதுரையில் எத்தனை கண்டக்டர்கள் இருப்பார்கள்? ஒருவர் வந்தால் போதும். அவர் வரும் முன் பாலகுரு பார்ப்பார். நான் இப்போது ஆட்டைக் காட்டினால் அவர் சும்மா இருக்கமாட்டார், படம் படமாக என் பக்கத்தைப் புரட்டுவார், எங்கே என்ன பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், என்னைப் போலவே. பஸ்ஸில் நின்றுவிடுவார். பஸ்ஸின் கதவு, படி, நிழல், ஏழு குறிப்பு. வத்சலா மேம் அழுவார், அவருக்கு எதற்கும் அழத் தெரியும். சிதம்பரநாதன் சார் பெயர் வைப்பார். அந்தப் பதினோராயிரத்தையும் நான் ஒரு நாள்கூட மதித்ததில்லை, இருந்தும் அவர்கள் என்னைப் பார்க்காமல் போவார்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது. பாலகுருவை நான் மன்னிக்கவில்லை. பிள்ளைகளுக்காக என்றும் சொல்லிக்கொள்ளவில்லை, அந்த அளவுக்காவது எனக்கு யோக்கியதை இருக்கிறது. முதல் பஞ்சு குப்பைக் கூடையில் கிடக்கிறது, எடுக்கிறேன், பழுப்பு இன்னும் ஈரமாக இருக்கிறது. அதை ஆட்டின் முதுகில், போன இடத்திலேயே, மெல்ல மெல்ல ஒற்றுகிறேன். விரல்நுனியால் ஓரத்தைக் கரைக்கிறேன். வெளிறிய ஆடு பழுப்புக்குள் போகிறது. நன்றாகவே போகிறது, பாலகுருவைவிட நான் நன்றாகப் பூசுவேன். போனைத் திருப்புகிறேன். மேல் இடது மூலை, வானம் மட்டும் சட்டத்துக்குள். புதுப் பஞ்சு, பத்து விநாடி. பஞ்சைத் தூக்கிக் காட்டுகிறேன், சாம்பல் கலந்த நீலம். ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், காலையிலிருந்து பேசாத குரல் கரகரவென்று வருகிறது: "நிறம் வருது." அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஏற்றிவிட்டேன்.

உடனே வருகிறார்கள். கைதட்டல், தீ, கும்பிடு. "அருமை கண்ணி மேம்." "என்ன பஞ்சு மேம் அது, எங்க கிடைக்கும்?" "சொன்ன தப்பைத் தானே திருத்திக்கொள்ளும் பெருந்தன்மை," சிதம்பரநாதன் சார். "இந்தக் கண்களுக்கு ஒரு முத்தம்," வத்சலா மேம். கீழே பாலகுரு, ஒரு வரி எழுதாமல், வெயில் இல்லாமல், அழுகை இல்லாமல், ஒரே ஒரு கும்பிடு. மாரிக்கண்ணு ஐயா உள்ளேயிருந்து புதுப் பல்லோடு வருகிறார், முகத்தில் பத்து வயது குறைந்திருக்கிறது, எனக்கு நேரே வந்து ஈ என்று காட்டுகிறார். "நீ கரெக்டாச் சொல்லுவ. கட்டுன பல்லுன்னு தெரியுதா?" ஓரத்தில் கீறலும் மஞ்சளும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கின்றன. இல்லை என்று தலையாட்டுகிறேன். "அப்படிச் சொல்லு," என்று போகிறார், கதவருகே நின்று சுவரைக் காட்டுகிறார், "அடுத்த தடவை அந்தப் படியை மட்டும் மாத்திப் போட்டுருத்தா." நோட்டுக்குள்ளிருந்து பென்சில் எடுத்துச் சீவுகிறேன். சந்தை நாளைக் கவிழ்த்து வைக்கிறேன், பின்பக்கம் சுத்தமான தாள், ஒன்றும் ஊறவில்லை. எனக்கு முன்னால் நேர்ப்பார்வை பார்த்த அந்த நான்கு பேர். நான் சிரித்த நான்கு பேர். அவர்களும் எந்த மூலையில் தொட்டிருப்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது, யாருக்கு யார் சீட்டு வைத்தார்கள், எந்தச் சுவரில் என்ன மாட்டியிருந்தது என்பது மட்டும்தான் தெரியவில்லை. பார்த்தேன் என்று எழுதினேன். கீழே அங்கயற்கண்ணி, முழுப் பெயர், தேதி. கையெழுத்து நன்றாக வந்திருந்தது.